உள்வாடகைதாரர் வழக்கில் சேர்கிறாரா, சேர்க்கப்படுகிறாரா?

மொழிபெயர்ப்பாளர்:

அன்புடையீர், சட்ட உதவி முகாம்களில் வழங்குவதற்காக வாடகைச் சட்டக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன்; வெள்ளிக்கிழமை அச்சுக்குச் செல்கிறது. வீட்டு உரிமையாளர் வாடகைதாரர்மீது மட்டும் வெளியேற்ற வழக்குத் தொடுத்திருக்கும்போது, அந்த வாடகைதாரரிடம் வாடகைக்கு எடுத்து அவ்வீட்டில் குடியிருக்கும் உள்வாடகைதாரர் தம்மையும் எதிர்வாதியாகச் சேர்க்கும்படி நீதிமன்றத்தை நாடுவதற்கு ஒரு சொல் வேண்டும். நீதிமன்ற வளாகத்தில் அதை 'இம்ப்ளீட் மனு' என்றே சொல்கிறார்கள். நான் 'வழக்கிணைப்பு உரிமை' என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இணைதல் தன்வினை, இணைத்தல் பிறவினை. ஒருவர் தாமாக முன்வந்து சேர்வதை 'இணைப்பு' என்பது வினைமுதலையே மாற்றிவிடுகிறது; 'வழக்கிணைவு' என்பதே பொருந்தும். 'உள்வாடகைதாரர்' என்பதையும் விட்டுவிட வேண்டுகிறேன். வாடகை வடமொழிப் 'பாடக'த்தின் வழிவந்தது, 'தார்' பாரசீக ஒட்டு. குடிக்கூலி என்ற நம் சொல் பேச்சில் குடக்கூலி என்றும் வழங்கியதே! அந்தக் 'குடி'யை வைத்து 'உட்குடி' என்று சுருக்கமாக முடிக்கலாம்.

நிலவருவாய் ஆவண ஆய்வாளர்:

ஐயா, இணைவு குறித்து உடன்படுகிறேன். உட்குடி மட்டும் வேண்டாம். மிராசு என்னும் பரம்பரை நிலவுரிமை முறை நிலவிய ஊர்களில் உள்குடி என்பவர் அவ்வூரிலேயே நிலைத்து, வழிவழியாக உழும் உரிமை பெற்ற பயிர்க்குடி. வெளியூரிலிருந்து வந்து, ஒப்பந்தக் காலம்வரை மட்டும் உழுதவர் பரகுடி. அந்தப் பழஞ்சொல்லை உள்வாடகைதாரருக்குச் சூட்டினால், வாடகைதாரரைவிட உறுதியான உரிமை அவருக்கு இருப்பதாகப் பொருள்படும். சட்டம் சொல்வது இதற்கு நேர்மாறானது. 'உள்வாடகைக்கு விட்டிருக்கிறார்' என்பது எந்தத் தெருவிலும் புரியும் பேச்சு; அதைக் கைவிட எனக்குக் காரணம் தெரியவில்லை.

வழக்குரைஞர்:

'இணைவு' என்பதைவிட, அதனோடு ஒட்டியிருக்கும் 'உரிமை' என்ற சொல்தான் எனக்குக் கவலையளிக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908, கட்டளை 1, விதி 10(2) இன்படி, தரப்பினரைச் சேர்ப்பதும் நீக்குவதும் நீதிமன்றத்தின் அதிகாரம். உள்வாடகைதாரர் வேண்டிக்கொள்ளலாம், அவ்வளவே. ரூப்சந்த் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1964இல் தெளிவாகச் சொன்னது: உரிமையாளர் முறையான அறிவிப்புக் கொடுத்து முதன்மைக் குத்தகைதாரர்மீது வழக்குத் தொடுத்தால் உள்குத்தகைதாரரைச் சேர்க்க வேண்டிய கட்டாயமில்லை, சேர்க்காவிட்டாலும் தீர்ப்பாணை அவரையும் கட்டுப்படுத்தும். அது அவருக்குக் கடுமையாகவே இருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டே அந்த முடிவுக்கு வந்தது.

ஆனால் அவருக்குச் சொந்தமாகச் சொல்ல ஏதேனும் இருக்கும்போது நிலைமை மாறுகிறது. டெல்லியின் 1958ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், உரிமையாளரின் எழுத்துப்பூர்வ இசைவோடு உள்வாடகைக்கு வந்து, பிரிவு 17இன்படி அறிவிப்பும் கொடுத்தவர், வாடகைதாரர் வெளியேற்றப்படும்போது பிரிவு 18இன்படி நேரடி வாடகைதாரர் ஆகிறார். வாடகைதாரரும் உரிமையாளரும் தமக்குள் கூடிப் பேசி வழக்கைத் தோற்கவிடும் நேரங்களிலும் அவர் குரல் கேட்கப்பட வேண்டும். இத்தகையவர் 'இணைவு உரிமை' என்று படித்துவிட்டு, உரிமைதான் இருக்கிறதே என்று மனுப் போடாமல் இருந்தால், ஒருநாள் வெளியேற்ற ஆணையோடு நீதிமன்ற அமீனா வாசலில் நிற்பார். ஆகவே 'தரப்பினராகச் சேர்க்கக் கோரும் மனு' என்று விரித்தே எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, சட்டநிலையை மறுக்கவில்லை, 'உரிமை'யை நீக்கிவிடலாம். ஆனால் நீங்கள் தருவது விளக்கம், கலைச்சொல் அன்று. கலைச்சொல் என்றால் அதிலிருந்து வினையும் பெயரும் பிறக்க வேண்டும்: இணைவு, இணைவர், இணைவு மனு.

வழக்குரைஞர்:

'இணைவர்' என்பதை நான் ஒரு கட்சிக்காரருக்கு விளக்குவதற்குள் வாய்தா முடிந்துவிடும், ஐயா.

மொழிபெயர்ப்பாளர்:

நாளை மாலைக்குள் மெய்ப்பு அனுப்ப வேண்டியிருப்பதால், பெரும்பாலோர் கருத்தை ஏற்று 'உள்வாடகைதாரர்' என்பதை வைத்துக்கொள்கிறேன். தலைப்பில் 'தரப்புச் சேர்ப்பு மனு', முதல் பத்தியில் முழு விளக்கம், சொற்பட்டியலில் மட்டும் 'வழக்கிணைவு'. அனைவருக்கும் நன்றி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'சேர்ப்பு' மீண்டும் பிறவினையே. நீதிமன்றம் செய்வதற்குப் பெயர் கிடைத்துவிட்டது. கதவைத் தட்டுகிறவர் செய்வதற்கு இன்னும் பெயரில்லை. அடுத்த பதிப்பு வரும்போது தெரிவியுங்கள், மீண்டும் எழுதுகிறேன்.