ஹவாயில் சுற்றுலா எப்போது வேரூன்றியது?

கேள்வி: ஹவாய் தீவுகள் 1959-இல் அமெரிக்க மாநிலமான பிறகுதான் அங்கே சுற்றுலா தொடங்கியதா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: இல்லை. ஹவாயை ஆண்ட அரசி லிலியுவோகலானி 1893-இல் ஆட்சியிலிருந்து அகற்றப்பட்டு, 1898-இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே, 1901-இல், வைக்கீக்கி கடற்கரையில் மோவானா விடுதி திறக்கப்பட்டுவிட்டது. அன்று கப்பலில் வந்தவர்கள் பெரும்பாலும் செல்வந்தர்கள். 1959-இல் ஜெட் விமானங்கள் வந்த பின்னரே நடுத்தர வர்க்கத்தினர் பெருமளவில் வந்தனர்.

மறுமொழி 2: இன்று விடுதிகள் நெருங்கி நிற்கும் வைக்கீக்கி, முன்பு சேப்பங்கிழங்கு வயல்களும் நெல் வயல்களும் மீன் குளங்களும் நிறைந்த சதுப்பு நிலம். 1920-களில் ஆலா வாய் கால்வாயை வெட்டி, ஓடைகளைத் திருப்பி, தோண்டிய மண்ணைக் கொட்டி அதை மேடாக்கினார்கள். சுற்றுலா வரலாற்றை எழுதுவோர் இந்த இழப்பையும் கட்டாயம் எழுத வேண்டும்.

மறுமொழி 3: ஹவாயின் முக்கியத் தொழிலாக ஒருகாலத்தில் இருந்தது கரும்பு. அங்குள்ள மாவி தீவில் கடைசிக் கரும்புத் தோட்டம் 2016-இல் மூடப்பட்டது, அதற்கு வெகுகாலம் முன்பே வருமானத்தில் சுற்றுலா கரும்பை முந்திவிட்டது.