அம்மாவைப் பார்த்து நடக்க ஆரம்பிக்கிறேன், பத்து நாளில் நின்னு போகுது: எங்கே தப்பு?

கோவை_கயல் கேட்டது:

வணக்கம். வயசு 36, உயரம் 163 செ.மீ., எடை 78 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. அம்மாவுக்கு 61, சர்க்கரை இருக்கு. ரேஸ்கோர்ஸ் நடைபாதையில ரெண்டு சுற்று, அதாவது சுமார் 5 கி.மீ., 55 நிமிஷத்துல முடிச்சிடுவாங்க. வாரத்துல ஆறு நாள், ஒன்பது வருஷமா இதுதான். அவங்களைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. மூணு தடவை அவங்களோடவே ஆரம்பிச்சு மூணு தடவையும் பத்து நாளுக்குள்ள நின்னுடுச்சு. முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்பை ஒட்டி வலி. காலையில கட்டிலை விட்டு இறங்குறப்ப குதிகால் வலி. "அம்மாவால முடியுது, நம்மால முடியலையே"ன்னு மனசும் விட்டுப் போகுது.

அம்மா வேகத்துக்கு நான் எப்போ வர முடியும்? வலி எதனால? தினமும் 10,000 அடி கட்டாயமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காலைநடை பதில்:

கயல், அம்மாவோட ஒன்பது வருஷத்தை ஒன்பது நாள்ல எட்டிப் பிடிக்கப் பாக்குறீங்க. அவங்க வேகம் மணிக்கு 5.5 கி.மீ. உங்களுக்கு இப்போதைக்கு 4.5 போதும். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான அளவு. அம்மாவோட போறப்ப அவங்க பேசிக்கிட்டே வர, நீங்க "ம்" மட்டும் போடுறீங்கன்னா வேகம் உங்களுக்கு அதிகம்னு அர்த்தம்.

அவங்ககிட்ட இருந்து முதல்ல எடுத்துக்க வேண்டியது ஏற்பாடு. வேகம் அப்புறம் வரும். ஒரு நாள் நடக்கவே போகாம, அவங்க கிளம்புறதை மட்டும் உட்கார்ந்து பாருங்க. ஷூ எங்கே இருக்கு, சாக்ஸ் அதுக்குள்ளேயே சுருட்டி வெச்சிருக்காங்களா, வாசல் சாவி எந்த ஆணியில தொங்குது, காபி போறதுக்கு முன்னாடியா வந்த பிறகா, முந்தின ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறாங்க. வருஷக்கணக்கா நடக்கிறவங்க காலையில எதையும் யோசிக்க மாட்டாங்க, ஒரு பொருள் முடிஞ்சதும் கை தானா அடுத்த பொருளுக்குப் போகும். நாம அப்படியில்ல. அஞ்சு மணிக்கு எழுந்து சுடிதார் தேடி, சாக்ஸுக்கு ஜோடி தேடி, சார்ஜ் போடாத வாட்சைத் தேடி நிக்கிறோம். ஒவ்வொரு தேடலும் திரும்பப் படுக்க ஒரு சாக்கு. உங்க ஷூவை அம்மா ஷூவுக்குப் பக்கத்துலயே வைங்க, சாக்ஸ் உள்ளே. துணியை ராத்திரியே எடுத்து வெச்சிட்டுத் தூங்குங்க.

அடுத்தது, சேர்ந்து போங்க, ஆனா எதிர்த்திசையில நடங்க. ஒரு சுற்று 2.5 கி.மீ. ஒரே இடத்துல ஆரம்பிச்சு அவங்க ஒரு பக்கம், நீங்க மறுபக்கம். அவங்க 5.5, நீங்க 4.5, ரெண்டும் சேர்ந்து மணிக்கு 10 கி.மீ. அப்போ ஒவ்வொரு 15 நிமிஷத்துக்கும் ஒரு தடவை எதிரெதிரே சந்திப்பீங்க. முதல் சந்திப்புல நீங்க சுமார் 1,125 மீட்டர் வந்திருப்பீங்க. அந்த இடத்துல என்ன மரம், எந்த பெஞ்சுன்னு குறிச்சு வெச்சுக்குங்க. உங்க வேகம் 5 ஆனா அந்த இடம் 65 மீட்டர் தள்ளிப் போகும். பாதையோட சரிபாதியில, 1,250 மீட்டர்ல சந்திக்கிற அன்னைக்கு நீங்களும் அவங்களும் ஒரே வேகம். எப்போ வர முடியும்னு கேட்டீங்கல்ல, தேதி சொல்றதைவிட இந்தக் கணக்கு உங்களுக்கு உதவும். கூடவே நடந்தா அவங்க முதுகைத்தான் பார்ப்பீங்க. இப்படி நடந்தா 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை முகத்தைப் பார்ப்பீங்க.

முதல் ரெண்டு வாரம் முழுச் சுற்று வேண்டாம். 10 நிமிஷம் போய், 10 நிமிஷம் திரும்பி, வாரத்துல அஞ்சு நாள். மூணாவது வாரத்துல இருந்து ஒரு முழுச் சுற்று, சுமார் 33 நிமிஷம். அஞ்சு நாளுக்கு 165 நிமிஷம் ஆச்சு. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம், அதுக்குள்ள வந்துட்டீங்க.

10,000 அடி கட்டாயம் கிடையாது. 1965ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்த ஒரு அடிமானிக்கு "மான்போ-கெய்"னு பேர், அதுக்குப் பொருளே பத்தாயிரம் அடி மீட்டர். அந்த விற்பனைப் பேர்ல இருந்துதான் இந்த எண் உலகம் முழுக்கப் பரவுச்சு. உங்களுக்கு இப்போ அடியை விட நிமிஷக் கணக்கு நல்லது.

இயன்முறை பதில்:

வலியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

163 செ.மீ. உயரமுள்ளவருக்கு இயல்பான காலடி நீளம் 65 முதல் 70 செ.மீ. மணிக்கு 5.5 கி.மீ. என்பது நிமிடத்துக்கு 92 மீட்டர். பழக்கப்பட்டவர்கள் சின்ன அடியாக, வேகவேகமாக வைத்து அந்தத் தூரத்தைக் கடப்பார்கள். புதிதாக வருபவர்கள் அடியின் எண்ணிக்கையைக் கூட்டாமல் காலை எட்டிப் போடுவார்கள். அம்மா பக்கத்தில் நடக்கும்போது நீங்கள் செய்திருப்பதும் இதுவாகத்தான் இருக்கும்.

குதிகால் தரையில் பட்டதும் பாதத்தின் முன்பகுதியை மெதுவாக இறக்கிவிடுவது முன்பக்க எலும்பை ஒட்டியிருக்கும் தசையின் வேலை. காலை எட்டிப் போடப் போட அதற்குச் சுமை கூடும், பத்து நாளில் வலிக்கத் தொடங்கும். காதால் கண்டுபிடிக்கலாம்: பாதம் 'டப், டப்' என்று தரையில் அறைந்தால் அடி நீளம். சத்தம் குறையும் வரை அடியைச் சுருக்குங்கள். 15 நொடிக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள். 4.5 கி.மீ. வேகத்தில் உங்களுக்கு 27, 28 வர வேண்டும். 24க்குக் கீழே இருந்தால் எட்டிப் போடுகிறீர்கள்.

காலையில் முதல் சில அடிகளில் வரும் குதிகால் வலி பெரும்பாலும் உள்ளங்காலின் அடியில் ஓடும் தடித்த நாரில் வருவது. இரவு முழுக்கச் சுருங்கிக் கிடந்த நார், எழுந்து நின்றதும் திடீரென்று இழுபடுகிறது. அதனால் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காலை மறு தொடைமேல் போட்டு, கையால் கால் விரல்களை முன்னெலும்பை நோக்கி வளையுங்கள். உள்ளங்காலில் நரம்பு போல ஒரு கயிறு விறைத்து நிற்பது மறுகைக்குத் தட்டுப்படும். 10 நொடி பிடித்து விடுங்கள். இப்படிப் 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. மாலையில் சுவரைப் பிடித்துக் கெண்டைக்கால் தசையை இழுத்து நிற்பது, 30 நொடி வீதம் மூன்று முறை. வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், மெத்தென்ற செருப்பு போடுங்கள். இது குறைய வாரக்கணக்கில் ஆகும். நான்கு நாளில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஷூவை மாலையில் போய் வாங்குங்கள், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. நீளமான விரலுக்கும் ஷூ முனைக்கும் நடுவே கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்.

எலும்பில் விரல்நுனி அளவு ஒரே இடத்தில் தொட்டாலே வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ நடையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

காலைநடை சொன்னபடி நடந்தால் நீங்கள் ஒரு சுற்று முடித்த பிறகு அம்மாவுக்கு இன்னும் 20 நிமிடம் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் அந்த நேரத்தைத் தசைக்குக் கொடுங்கள். பெஞ்சில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது 8 முறை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி 8. மரத்திலோ சுவரிலோ கையை ஊன்றித் தண்டால் அதே கணக்கு. மெதுவாகக் குதிகாலை உயர்த்தி இறக்குவது 10 வீதம் இரண்டு முறை. முழங்கால் பாரம் தாங்குவது தொடைத் தசையால்தான், அதை விட்டுவிட்டு நடையை மட்டும் கூட்டினால் அடுத்து வலிப்பது முழங்காலாக இருக்கும்.

அம்மாவையும் ஒரு நாள் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்கிறார் என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறைந்தால் கால் வலு போதாது, விழும் ஆபத்து கூடுதல் என்று பொருள். தினம் 5 கி.மீ. நடப்பவர்களுக்கும் இதில் குறைவது உண்டு. அப்படியானால் தசைப் பயிற்சியில் அவரை நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள்.

கோவை_கயல்:

ரெண்டு பேருக்கும் நன்றி. அடியை எண்ணிப் பார்த்தேன், 15 நொடிக்கு 23தான் வருது!

இன்னொரு விஷயம். அம்மாவுக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு ரெண்டும் உண்டு, ராத்திரியும் ஒரு வேளை எடுக்கிறாங்க. காலையில வெறும் வயித்துலதான் போறாங்க. போன வாரம் ரெண்டாவது சுற்றுல வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி உட்கார்ந்துட்டாங்களாம். கவலைப்பட வேண்டியதா?

சர்க்கரைக்கல்வி பதில்:

ஆமாம். இதை முதலில் சரி செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

நீங்கள் சொல்வது சர்க்கரை தாழ்ந்ததற்கான அடையாளம் போலவே இருக்கிறது. மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை அப்படித் தாழ்த்துவது அரிது. கிளிமிபிரைடு தாழ்த்தும், ஏனென்றால் அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. இரவு எடுத்தது விடியற்காலையிலும் வேலை செய்துகொண்டிருக்கும். வயிறு காலி, கால் தசை இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் கூடும் இடம்தான் அந்த இரண்டாவது சுற்று.

இந்த வாரமே மருத்துவரிடம் "நடக்கும்போது இப்படி ஆச்சு" என்று சொல்லி இரவு மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். அதுவரை கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு மூன்று பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். 70க்குக் கீழே இருந்தால் அன்றைக்கு நடை வேண்டாம், உடனே குளுக்கோஸ். இன்னொரு வழி, நடையைக் காலை உணவுக்குப் பிறகு மாற்றுவது. சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையையும் அது இறக்கும்.

சுடிதார் பையிலோ இடுப்புப் பையிலோ 15 கிராம் குளுக்கோஸ் பவுடர், மேசைக்கரண்டி ஒன்று, பொட்டலமாக இருக்க வேண்டும். கூடவே சின்னத் தண்ணீர் பாட்டில். நடுக்கம் வந்தால் உட்கார்ந்து அதைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. இன்னும் 70க்குக் கீழேயே இருந்தால் மறுபடி 15 கிராம். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். இரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை எடுக்கிறாரா என்றும் பாருங்கள். எடுத்தால் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வேர்வைதான் முக்கிய அடையாளம்.

நடந்து வந்ததும் இரண்டு பாதங்களையும், விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளம், சிவப்பு, வெடிப்பு. சாக்ஸின் தையல் அழுத்திய தடம்கூடச் சர்க்கரைக்காரர்களுக்குப் புண்ணாகலாம். அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாவிட்டால் நீங்கள் பாருங்கள்.

எதிர்த்திசை நடையில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அம்மாவின் முகம் பார்க்க முடிகிறது என்பது இந்த விஷயத்தில் பெரிய பாதுகாப்பு. வியர்த்த விதம், நடை தள்ளாடுவது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில், இவற்றைக் கவனியுங்கள். சந்திக்க வேண்டிய இடத்தில் வரவில்லை என்றால் நிற்காமல் அவர் வரும் பக்கமாக நடையைத் தொடருங்கள்.

விடாப்பிடி பதில்:

எல்லாரும் உடம்பைப் பத்திச் சொல்லியாச்சு. நின்னு போறதைப் பத்தி நான் சொல்றேன்.

ஒருத்தரைப் பார்த்து ஆரம்பிக்கிறதுல ஒரு சிக்கல் உண்டு. அவங்க இல்லாத நாள்ல நமக்கும் லீவு. அம்மா ஊருக்குப் போனா, காய்ச்சல்னு படுத்தா, கல்யாணம் காதுகுத்துன்னு கிளம்பினா என்ன செய்வீங்கன்னு இப்பவே எழுதி வைங்க, ஒரு வரி போதும்: "அம்மா இல்லாத அன்னைக்கு 5:15க்கு நான் தனியா 20 நிமிஷம், நம்ம தெரு முனை வரைக்கும் போய்த் திரும்புவேன்." ஐப்பசி மழைக்கு இன்னொரு வரி: கூடத்துலயே 20 நிமிஷம் நின்ன இடத்துல நடை, நிமிஷத்துக்கு 100 அடி. அம்மாகிட்டயும் கேளுங்க, மழைக்கு அவங்க என்ன வெச்சிருக்காங்கன்னு. ஒன்பது வருஷம் ஓட்டினவங்ககிட்ட அதுக்குப் பதில் கண்டிப்பா இருக்கும்.

21 நாள்ல பழக்கம் ஆயிடும்னு சொல்றதை நம்பி ஏமாறாதீங்க. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரை வெச்சு 2009ல வெளிவந்த ஆய்வுல, ஒரு செயல் தானா வர ஆரம்பிக்கச் சராசரியா 66 நாள் ஆச்சு. சிலருக்கு 18, சிலருக்கு 254ன்னு கணக்குப் போட்டாங்க. அதே ஆய்வுல ஒரு நாள் விட்டதால பழக்கம் கெடலைன்னும் தெரிஞ்சுது. நீங்க மூணு தடவையும் நிறுத்தினது பத்து நாளுக்குள்ள. அதாவது கஷ்டமான பகுதியை மட்டும் மூணு தடவை செஞ்சிருக்கீங்க.

அம்மாகிட்ட ஒரு பேச்சு வெச்சுக்குங்க. "என்னை எழுப்ப வேண்டாம்மா, என் அலாரம் என் பொறுப்பு. 5:15க்கு வாசல் கேட்டுகிட்ட ரெண்டு நிமிஷம் நில்லுங்க, வரலைன்னா போயிடுங்க." எழுப்புற வேலையை அவங்க எடுத்துக்கிட்டா ஒரு வாரத்துல அது பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புற மாதிரி ஆயிடும். "61 வயசுல என்னாலயே முடியுது"ன்னு அவங்க சொல்றதும், சாப்பாட்டு நேரத்துல அதை எடுத்துப் பேசுறதும் வேண்டாம்னு அன்பாவே சொல்லிடுங்க. கேட்டுகிட்ட அந்த ரெண்டு நிமிஷம் நிக்கிறது போதும்.

காலெண்டர்ல நடந்த நாளுக்கு ஒரு புள்ளி. நீங்க ஒரு நிறம், அம்மா ஒரு நிறம். கிலோமீட்டர் எழுதாதீங்க, எழுதினா அன்னைக்கே போட்டி ஆரம்பிச்சிடும். எடையையும் முதல் ரெண்டு மாசம் பார்க்காதீங்க, வெறும் நடையில அது மெதுவாத்தான் இறங்கும். எந்த மரத்துகிட்ட சந்திச்சீங்கன்னு மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை எழுதுங்க.