ஹரிக்கேன் விமானியின் பழைய கேசட்: இடப்பக்கம் இழுக்குமா, வலப்பக்கமா? எழுத்தாக்க உதவி தேவை

மண்டபம்_ஒலிப்பதிவு:
அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தை ஓட்டிய பெரியவர் ஒருவர் கடைசிக் காலத்தை எங்கள் கரையில் கழித்தார். அவர் பேசிய இரண்டு கேசட்டுகளை எழுத்தாக்கி ஊர் நூலகத்தில் வைக்கப்போகிறோம். ஒலி தெளிவாகவே இருக்கிறது. சில இடங்களில் அவர் சொல்வதுதான் பிடிபடவில்லை. எங்கள் காதில் தவறா, அவர் நினைவில் தவறா, அல்லது அதுதான் உண்மையா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதல் கேசட்டில், கிளம்பும்போது விமானம் இடப்பக்கம் இழுக்கும், வலது காலை அழுத்த வேண்டும் என்கிறார். இரண்டாவதில் வலப்பக்கம் இழுக்கும், பழைய பழக்கத்தில் சக்கரத்தைத் திருப்பினால் செத்தோம் என்கிறார். எது சரி? அடுத்து, "மொத்தம் ஒன்பது நொடி சுடலாம்" என்று கேட்கிறது. தொண்ணூறு என்று திருத்திவிடலாமா? தரையை விட்டதும் கை மாற்றுவதாகவும், அப்போது மூக்கு ஒருமுறை கீழே குனியும் என்றும் சொல்கிறார். கீழே பாய்வதற்கு முன் விமானத்தைக் கவிழ்ப்பதாகச் சொல்வதும் புரியவில்லை. "டிகிரிக்கு ஒரு மைல்" என்பது என்ன கணக்கு? கடலில் இறக்குவதைவிடக் குதிப்பதே மேல் என்று ஏன் சொல்கிறார்?

இன்னொன்று: இவர் பறந்தது உச்சிப்புளி ஓடுதளத்திலிருந்து என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். கேசட்டில் அப்படி எதுவும் இல்லை.

பழைய_மெர்லின்:
முதலில் ஒரு வேண்டுகோள். ஒன்பதைத் தொண்ணூறு ஆக்கிவிடாதீர்கள் தம்பி. ஒன்பதுதான் சரி.

ஹரிக்கேன் 2சி ரகத்தில் நான்கு 20 மில்லிமீட்டர் ஹிஸ்பானோ பீரங்கிகள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 600 குண்டுகளுக்குச் சற்று மேல் சுடும், அதாவது நொடிக்குப் பத்து. ஒரு பீரங்கிக்கு ஏற்றுவது ஏறக்குறைய 90 குண்டு. வகுத்துப் பாருங்கள், ஒன்பது நொடியில் காலி. 2பி ரகத்தில் பன்னிரண்டு .303 பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. அதிலும் ஏறக்குறைய கால் நிமிடம்தான். அதனால்தான் ஒரு நொடி, இரண்டு நொடி என்று துண்டு துண்டாகச் சுடுவார்கள். கேசட்டில் "250 கெஜம்" என்று எங்காவது வந்தால் அதையும் மாற்றாதீர்கள். இறக்கையில் தள்ளித் தள்ளி இருக்கும் துப்பாக்கிகளை உள்நோக்கிச் சாய்த்து, அந்தத் தூரத்தில் எல்லாக் குண்டும் ஒரே இடத்தில் சேரும்படி தரையிலேயே பொருத்திவிடுவார்கள். 600 கெஜத்தில் சுட்டால் குண்டுகள் ஒன்றையொன்று கடந்து எதிரியின் இரு பக்கமும் போய்விடும். அவசரக்காரன் ஒன்பது நொடியையும் அப்படித்தான் தொலைப்பான்.

கை மாற்றுவதும் உண்மைதான். ஹரிக்கேனில் சக்கரத்தையும் ஃபிளாப்பையும் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) இயக்க ஒரே நெம்புகோல். அது விமானிக்கு வலது கைப்பக்கம், எச் வடிவப் பள்ளத்தில் ஓடும். எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் இருப்பதோ இடது பக்கம். ஓடுதளத்தில் ஓடும்போது இடது கை திராட்டிலில், வலது கை விமானத்தைச் சாய்த்துத் திருப்பும் ஸ்டிக்கில். தரையை விட்டதும் சக்கரத்தை மேலே இழுக்க வேண்டுமே! இடது கையை ஸ்டிக்குக்குக் கொண்டுவந்து, வலது கையால் நெம்புகோலைத் தள்ள வேண்டும். பழகாத இடது கை ஸ்டிக்கைச் சற்றே முன்னால் தள்ளிவிடும், மூக்கு குனியும். இதற்கு முன்பே திராட்டிலின் உராய்வுத் திருகை இறுக்கி வைக்காவிட்டால், கையை எடுத்ததும் எஞ்சின் அதிர்வில் திராட்டில் தானாகப் பின்னால் நழுவி, ஐம்பதடி உயரத்தில் பவர் போய்விடும். பெரியவர் "திருகு" என்று எங்காவது சொல்லியிருந்தால் இதுதான்.

இழுப்பு பற்றி: ஹரிக்கேனில் இருக்கும் மெர்லின் எஞ்சினின் புரொப்பெல்லர், விமானி இருக்கையிலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும். அது பின்னால் தள்ளும் காற்று முறுக்கிக்கொண்டு வந்து வால் செதிலின் இடப்பக்கத்தில் மோதும், மூக்கு இடப்பக்கம் திரும்பும். வாலைத் தூக்கும் நேரத்தில் பம்பர விசை அதே திசையில் இன்னொரு தள்ளு தள்ளும். எனவே சுக்கானை ஒரு பக்கம் சாய்த்து வைக்கும் டிரிம் சக்கரத்தை (விமானி அறையில் கையால் திருப்புவது) முழுக்க வலப்பக்கம் வைத்துவிட்டு, வலது காலும் தயாராக இருக்க வேண்டும். திராட்டிலை மெதுவாகத் திறந்தால் காலால் சமாளிக்கலாம். வெடுக்கென்று திறந்தால் வால் தூக்கும் வரை சுக்கானுக்குப் பிடிப்பே இருக்காது. முதல் கேசட் சரி. இரண்டாவது கேசட்டில் எந்த விமானத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கார்ப்பரேட்டர்:
கவிழ்ப்பதற்குக் காரணம் மெர்லினின் மிதவை கார்ப்பரேட்டர், அதாவது மிதவையால் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்திக் காற்றோடு கலந்து கொடுக்கும் கருவி. வண்டி மெக்கானிக் யாருக்கும் சொன்னால் உடனே புரியும். ஸ்டிக்கை முன்னே தள்ளி மூக்கைத் திடீரென்று கீழே இறக்கினால், விமானிக்கு வயிறு மேலே வருவதுபோல் பெட்ரோலும் மிதவை அறையின் மேற்பக்கம் ஏறிவிடும். கார்ப்பரேட்டரின் ஜெட் துளைக்குப் பெட்ரோல் கிடைக்காமல் எஞ்சின் முதலில் இருமும். அடுத்த கணம், மிதவை தாழ்ந்து வால்வு முழுக்கத் திறந்து பெட்ரோல் அளவுக்கு மேல் பாயும், கறுப்புப் புகையோடு எஞ்சின் மூச்சு முட்டும். இரண்டாவதுதான் ஆபத்தானது, அதிக நேரம் நீடிக்கும்.

விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டி, கவிழ்ந்த நிலையில் ஸ்டிக்கை வயிற்றுப் பக்கம் இழுத்துப் பாய்ந்தால் எடை எப்போதும் இருக்கையை நோக்கியே இருக்கும். பெட்ரோலும் அறையின் அடியிலேயே இருக்கும், எஞ்சின் தடைபடாது. 1941-ல் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் பெட்ரோல் குழாயில் பொருத்த ஒரு சிறு வளையம் செய்தார். எஞ்சின் முழு பவருக்குக் குடிக்கும் அளவு மட்டுமே அதன் துளை வழியாகப் போகும். வெள்ளமாய்ப் பாய்வது அதோடு நின்றது. முதல் இருமல் மட்டும் இருந்தது, ஆகவே கவிழ்க்கும் பழக்கமும் தொடர்ந்தது.

பர்மா முனையில் பாய்ந்து தப்புவது உயிர் காக்கும் வித்தை. எதிரே வந்த ஜப்பானிய கி-43 போர் விமானம் எடை குறைந்தது, சின்ன வட்டத்தில் திரும்பும். ஹரிக்கேன் அதோடு வட்டமடித்தால் இரண்டு மூன்று சுற்றில் அது பின்னால் வந்து நிற்கும். கனமான ஹரிக்கேனுக்கு இருந்த வழி வேகமாகக் கீழே பாய்வது.

கேசட்டில் "மேக் டிராப்" என்று வந்தால் இப்படி எழுதுங்கள்: ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், மொத்தம் 12 சிலிண்டருக்கு 24. பிளக்குகளுக்குப் பொறி கொடுக்க இரண்டு மேக்னெட்டோ. கிளம்பும் முன் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார்கள். எஞ்சினின் நிமிடச் சுற்று 150-க்கு மேல் குறையக் கூடாது. குறைந்தால் பெரும்பாலும் பிளக்கில் ஈயக் கரி. வெயிலில் வரிசையில் நின்று மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தால் அது சீக்கிரம் படியும். அதே காத்திருப்பில் கூலண்டும் கொதிக்கும். ரேடியேட்டர் வயிற்றடியில் இருப்பதால் தரையில் நிற்கும்போது போதுமான காற்று அதன் வழியே போகாது. நம் கரைக்கு மேல் ரோந்து போகும் டார்னியரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதுவும் புரொப்பெல்லர் விமானம்தான், ஆனால் உள்ளே இருப்பது டர்பைன். ஒருமுறை பற்றிய தீ தானாக எரிந்துகொண்டிருக்கும், மேக்னெட்டோவே கிடையாது. இன்றைய பிள்ளைகள் படிக்கும்போது இந்த வித்தியாசத்தை ஓர் அடிக்குறிப்பாகப் போடுவது நல்லது.

பாம்பன்_சோழகம்:
கடல் சம்பந்தமான இரண்டுக்கும் பதில் சொல்கிறேன் அண்ணே.

"டிகிரிக்கு ஒரு மைல்" என்பது அறுபதுக்கு ஒன்று கணக்கு. அறுபது மைல் ஓடினால், திசையில் ஒரு டிகிரி பிசகுக்கு ஒரு மைல் விலகியிருப்போம். ஐந்து டிகிரி பிசகினால் ஐந்து மைல். மணிக்கு 240 மைல் வேகத்தில் போகிறவனுக்கு நிமிடத்துக்கு நாலு மைல், அறுபது மைல் கால் மணி நேரம். ஹரிக்கேனில் தனி ஆள், மடியில் வரைபடம், கையில் கடிகாரம். பென்சில் எடுத்துக் கணக்குப் போட நேரமில்லை, மனக்கணக்குதான். கச்சத்தீவுக்குப் போகும் வள்ளம் கச்சான் (மேற்குக்) காற்றுக்கு ஈடுகொடுத்து அணியத்தை (முன்பக்கத்தை) தள்ளி வைத்துப் பிடிப்பதைப் போலவே, அவரும் காற்றுக்குத் தக்கபடி மூக்கைத் தள்ளி வைத்திருப்பார். கடலுக்கு மேல் காற்றின் திசையை நுரை முதுகையும், தண்ணீர் மேல் நீளமாகக் கிடக்கும் காற்றுக் கோடுகளையும் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள்.

தாழப் பறக்கும்போது அலையில்லாத கடல் அலையுள்ள கடலைவிட மோசம். நம் பெண் கடல் (பாக் விரிகுடா) விடியலில் கண்ணாடிபோல் கிடக்குமே, அப்படிப்பட்ட தண்ணீருக்கு மேல் உயரம் கண்ணுக்குத் தெரியாது. ஐம்பதடி என்று நினைப்பது ஐந்தடியாக இருக்கும். உயரமானியை நம்பவும் முடியாது. ஒரு மில்லிபார் அழுத்தம் மாறினால் ஏறக்குறைய முப்பதடி பிசகும். ஆண் கடலில் (மன்னார் வளைகுடாவில்) அலை இருந்தாலும் அந்த அலையே அளவுகோல்.

இறக்குவதைவிடக் குதிப்பது மேல் என்பதற்குக் காரணம் வயிற்றடி ரேடியேட்டர். தண்ணீரைத் தொட்டதும் அந்த வாய் அகப்பைபோல் தண்ணீரை அள்ளும், மூக்கு உள்ளே குத்தும். சில நொடியில் மூழ்கும். உயரம் இருந்தால் பாராசூட்டே நல்லது. உயரம் இல்லையென்றால் கூண்டு மூடியைத் திறந்து பூட்டி, வாரை இறுக்கி, சக்கரத்தை மேலேயே வைத்து, வாலைத் தாழ்த்தி, வேகத்தை முடிந்தவரை குறைத்து இறங்க வேண்டும். பெரிய அலை ஓடினால் அதன் முகத்தில் மோதாமல், முதுகை ஒட்டி நீளவாக்கில். சோழகக் (தென்காற்று) காலத்து மன்னார் வளைகுடாவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மழைக்காலம் பற்றிப் பெரியவர் ஏதாவது சொல்கிறாரா? 1944 ஆகஸ்ட் 10 அன்று மணிப்பூரின் பலேலிலிருந்து கல்கத்தா பக்கம் கிளம்பிய 615-வது ஸ்குவாட்ரனின் (பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவு) 16 ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் பருவமழை மேகத்தில் சிக்கின. எதிரி ஒருவன்கூட இல்லை. 8 விமானங்கள் போயின, 4 விமானிகள் இறந்தார்கள். அந்த மேகத்துக்குள் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் அடிக்கும் காற்று விமானத்தையே புரட்டிவிடும். விமானத்தின் சாய்வைக் காட்டும் சுழல்மானிகள் கவிழ்ந்து பயனற்றுப் போகும். மிஞ்சுவது திருப்பம் காட்டும் ஊசியும் வேகமானியும்தான்.

உச்சிப்புளி விஷயம்: அங்கே இருக்கும் கடற்படை விமானத் தளம் ஐ.என்.எஸ். பருந்து என்ற பெயரில் 2009-ல் பணியமர்த்தப்பட்டது. கேசட்டில் இல்லாததை ஊர்ப் பெருமைக்காகச் சேர்க்க வேண்டாம். அவர் போர் பர்மாவில் நடந்தது, அது அங்கேயே இருக்கட்டும்.

மண்டபம்_ஒலிப்பதிவு:
மூவருக்கும் மிக்க நன்றி. திருகு பற்றி அவர் உண்மையிலேயே சொல்கிறார். "ஸ்க்ரூ டைட்" என்று இரண்டு தடவை. நாங்கள் அதைப் பழுதுபார்ப்பு என்று நினைத்துவிட்டோம்.

இரண்டாவது கேசட்டை மறுபடி கேட்டேன். வலப்பக்க இழுப்பு பற்றிப் பேசுவதற்குச் சற்று முன்பு "ஐந்து" என்கிறார், "ஜப்பான்" என்கிறார். நடுவில் நாடா கசங்கியிருக்கிறது. இன்னொரு சந்தேகம்: வேகம், பெட்ரோல் எண்களுக்கு அலகு சொல்லவே இல்லை. 94 என்று ஒரு எண் அடிக்கடி வருகிறது.

பழைய_மெர்லின்:
ஐந்து, ஜப்பான், வலப்பக்கம். மூன்றும் சேர்ந்தால் அது ஸ்பிட்ஃபயர் 14 தம்பி. ஹரிக்கேன் இல்லை.

ஸ்பிட்ஃபயர் 14-ல் மெர்லின் கிடையாது. 27 லிட்டர் மெர்லினுக்குப் பதில் ஏறக்குறைய 37 லிட்டர் கிரிஃபன், இரண்டாயிரம் குதிரைசக்திக்கு மேல், புரொப்பெல்லரில் ஐந்து தகடுகள். முக்கியமாக, கிரிஃபன் சுற்றுவது எதிர்த்திசையில். அதனால் இழுப்பு வலப்பக்கம். டிரிம் சக்கரத்தை முழுக்க இடப்பக்கம் வைக்க வேண்டும், இடது கால் தயாராக இருக்க வேண்டும். மெர்லினில் நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்தவரின் கை, கேட்காமலே வலப்பக்கம் திருப்பிவிடும். அப்படித் திருப்பி, முழு பவரும் கொடுத்தால் விமானம் ஓடுதளத்தை விட்டுப் பக்கவாட்டில் பாயும். ஸ்பிட்ஃபயரின் சக்கரங்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை, ஹரிக்கேன்போல் அகலமாக நிற்காது. "பழைய பழக்கத்தில் சக்கரத்தைத் திருப்பினால் செத்தோம்" என்று அவர் சொன்னது இந்தச் சக்கரத்தைத்தான். தரைச் சக்கரம் இல்லை.

போர் முடியும் தறுவாயிலும் அதற்குப் பின்னும் இந்திய ஸ்குவாட்ரன்கள் ஹரிக்கேனிலிருந்து ஸ்பிட்ஃபயருக்கு மாறின. 4-வது ஸ்குவாட்ரன் 1946-ல் ஸ்பிட்ஃபயர் 14-களோடு ஆக்கிரமிப்புப் படையின் பகுதியாக ஜப்பானுக்குப் போனது. பெரியவர் அதில் இருந்தாரா என்பதை இந்த மூன்று சொற்களை வைத்து முடிவு கட்டாதீர்கள். எஞ்சின் எது என்பது மட்டும் உறுதி.

94 என்பது கேலன், அதுவும் பிரிட்டிஷ் கேலன். ஹரிக்கேனில் இறக்கைக்கு ஒன்றாக 33 கேலன் டாங்கி இரண்டு, விமானிக்கு முன்னால் 28 கேலன் ரிசர்வ் ஒன்று. கூட்டினால் 94, ஏறக்குறைய 427 லிட்டர். அமெரிக்க கேலனில் கணக்குப் போட்டால் 356 என்று தப்பாக வரும், கவனம். வேகம் மணிக்கு மைல் கணக்கு. நம் கரையில் படகு வைத்திருப்பவர்கள் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) என்று படித்துவிடுவார்கள், எனவே பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: 240 மைல் என்றால் ஏறக்குறைய 209 நாட்.

கசங்கிய இடத்தில் புள்ளிகள் வைத்து "நாடா தெளிவில்லை" என்று எழுதிவிடுங்கள். இரண்டாவது கேசட்டுக்குத் தனித் தலைப்பு கொடுங்கள், இடமும் வலமும் அவர் சொன்னபடியே நிற்கட்டும்.