பஸ் நிலையத்து ஐயாவுக்குக் காசு வேணாம், கூட நிற்க ஆள் வேணும்

மட்டக்களப்பு பஸ் நிலையத்தடியில படுக்கிற ஐயாவுக்கு உதவ விரும்புற உறவுகளே, கையில காசு குடுக்காதீங்க. பின்னேரமே அது கசிப்பாகிரும், கள்ளச் சாராயம். உலர் உணவுப் பொதியும் அப்படித்தான், வித்துப்போடலாம். சோத்துப் பார்சலைப் பிரிச்சு, பக்கத்தில இருந்து சாப்பிட வையுங்க.

"இண்டையோட விடு" எண்டு குடியை மறிக்கவும் வேணாம். வருசக்கணக்கா தினமும் குடிச்சவர் திடீரெண்டு நிறுத்தினா 6–8 மணித்தியாலத்தில கை நடுங்கத் தொடங்கும், 48 மணித்தியாலத்துக்குள்ள வலிப்பு வரலாம், மூணாம் நாளளவில மனம் பேதலிச்சு உயிருக்கே ஆபத்தாகலாம். வலிப்பு வந்தா வாயில ஒண்டும் வைக்காம, ஒருக்களிச்சுப் படுக்க வைச்சு 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்க. சாப்பிடாமக் குடிக்கிறவருக்குத் தயமின் எண்ட விற்றமின் B1 குறைஞ்சிருக்கும். அதைக் குடுக்காம குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா மூளை பாதிக்கலாம். அதனால டொக்டரிட்ட குடியை மறைக்காதீங்க.

வார்ட்டுக்கு வர அவரே ஓமெண்டுட்டார், அதுதான் பெரிய விசயம். போதனா வைத்தியசாலையில மாறி மாறி நிற்க ரெண்டு ஆம்பிளைகள் வேணும். துண்டு வெட்டி வீட்ட போகச் சொன்ன அண்டைக்கே பழைய இடத்துக்குப் போனா திரும்பவும் குடிதான். கல்லடி, ஆரையம்பதிப் பக்கம் சின்ன அறை ஒண்டு கிடைக்குமா? அடையாள அட்டையும் துலைஞ்சிட்டுது. பொலிஸ் முறைப்பாடு போட்டு, கிராம சேவகரிட்டக் கூட்டிட்டுப் போகவும் ஆள் தேவை. முடிஞ்சவங்க எந்த நாள், எத்தனை மணி எண்டு கீழ எழுதுங்க.