புதையல் தீவு: பையனுக்கு எந்தப் படத்தக் காட்டலாம்?

ஈசூன் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையன் தொடக்கநிலை 5. ஜூன் லீவுக்குன்னு நூலகத்துலேர்ந்து ஸ்டீவன்சனோட புதையல் தீவு எடுத்துட்டு வந்தேன், சுருக்குன பதிப்பு இல்ல, முழு நாவலே. ராத்திரி நான் இங்கிலீஷ்ல படிச்சு நடுநடுவுல தமிழ்ல சொல்லிக்கிட்டே போறேன். இப்ப புதையல் தேடிப் போற கப்பல்ல, கதை சொல்ற பையன் ஜிம் ஆப்பிள் பீப்பாய்க்குள்ள ஒளிஞ்சிருந்து சமையல்காரர் சில்வர் பேசுறத ஒட்டுக் கேக்குற இடம் முடிஞ்சிருக்கு. அதுவரைக்கும் இவனுக்கு சில்வர்னா உசுரு, ஒத்தக் காலோட கப்பல்ல சமையல் பண்றாரு, கிளி வச்சிருக்காரு, ஜிம்ம பெரிய மனுஷன் மாதிரி மதிச்சுப் பேசுறாரு. அதே ஆளு இன்னொரு பையன்கிட்டயும் அச்சு அசல் அதே புகழ்ச்சிய சொல்லி கொள்ளைக் கூட்டத்துல இழுக்குறாருன்னு தெரிஞ்சதும் முகம் வாடிப்போச்சு. "அப்ப ஜிம்கிட்ட பேசுனதெல்லாம் பொய்யாம்மா?"ன்னு கேட்டுக்கிட்டே தூங்கிட்டான்.

இப்ப படம் பாக்கணுமாம். தேடிப் பாத்தா 1934லேர்ந்து வரிசையா இருக்கு. சில்வர வெறும் வில்லனாவும் ஆக்காம, செல்லத் தாத்தாவாவும் ஆக்காம எடுத்த படம் எதுங்க? புக்க முடிச்சிட்டுப் பாக்குறதா, இப்பவே பாக்கலாமா?

செங்காங் கடலோடி:
யோசிக்கவே வேணாம் சிஸ்டர், 1990ல டிவிக்காக எடுத்தது. சார்ல்டன் ஹெஸ்டன்தான் சில்வர், நம்ம அப்பா காலத்து பென்ஹர் ஹீரோ. டைரக்டர் அவரோட மகன் ஃப்ரேசர் ஹெஸ்டன். ஜிம்மா வர்ற பையன் கிறிஸ்டியன் பேல், ஆமா பின்னாடி பேட்மேனா நடிச்சாரே அவரேதான். குருட்டுக் கொள்ளையன் பியூவா கிறிஸ்டோபர் லீ, சத்திரத்துல வந்து தங்குற பழைய கடல்கொள்ளையன் பில்லி போன்ஸா ஆலிவர் ரீட், இந்த ரெண்டு பேரு வர்ற ஆரம்ப சத்திரக் காட்சிகளே போதும், வயித்தப் பிசையும். கப்பலும் நெசக் கப்பல், 1962ல வந்த இன்னொரு படத்துக்காக கட்டுன பவுன்ட்டி, அதத்தான் இதுல ஜிம் போற ஹிஸ்பானியோலா கப்பலா ஓட்டியிருக்காங்க. பாய்மரம் விரியும்போது தெரியும் பாருங்க, அது கம்ப்யூட்டர்ல வராது. வசனமும் நெறைய நாவல்ல உள்ளதேதான், அதனால புக்கு படிச்ச பையன் கூடவே சொல்லுவான்.

ஹெஸ்டன் சிரிக்கிறப்பவும் கண்ணு சிரிக்காது. நீங்க கேட்ட சில்வர் அதுதான்.

தோ பாயோ வாசகி:
1990 நல்ல படம்தான், ஆனா 1950 டிஸ்னி படத்த விட்டுட்டு இந்தக் கதையப் பத்திப் பேச முடியாதுங்க. டிஸ்னி கம்பெனி முழுக்க முழுக்க ஆளுங்கள வச்சு எடுத்த முதல் படமே அதுதான், அதுக்கு முன்னாடி கார்ட்டூன் இல்லன்னா ரெண்டும் கலந்தது. போருக்குப் பிறகு பிரிட்டன்ல சம்பாதிச்ச காச வெளிய எடுத்துட்டுப் போக முடியாத நெலம, அதனால அந்தக் காச அங்கயே செலவு பண்ணி எடுத்தாங்க. சில்வரா வர்ற ராபர்ட் நியூட்டன் இங்கிலாந்து தென்மேற்குப் பக்கத்து ஆளு, அந்த ஊர் இழுவையில "ஆர்ர்ர்"னு பேசுனாரு பாருங்க, இன்னிக்கு சின்னப் பிள்ளைங்க கடல்கொள்ளையன் வேஷம் போட்டா அடிக்கிற குரல் அவரோடதுதான்.

ஆனா ஒண்ணு. நியூட்டன் மேல நமக்கு பாசம் ரொம்ப வந்துடும். கடைசியில மணல்ல சிக்குன படக தள்ளிவிட்டு சில்வர் தப்பிக்க ஜிம்மே உதவி பண்றான். நாவல்ல அப்படி இல்ல, ஒரு துறைமுகத்துல ராத்திரியோட ராத்திரியா ஒரு மூட்டைக் காசோட சில்வரே நழுவிடுவான், எல்லாரும் அப்பாடான்னு மூச்சு விடுவாங்க. அந்த நிம்மதிதான் சரின்னு நான் நெனைக்கிறேன், படம் அத மாத்துனது எனக்கு இன்னும் ஒப்புக்கல.

உட்லண்ட்ஸ் பையன்:
2002ல வந்த டிரெஷர் பிளானட் கார்ட்டூன் படத்த யாரும் சொல்லலயே!! அதே கதைய விண்வெளிக்குக் கொண்டு போயிருப்பாங்க, சில்வருக்கு எந்திரக் கை எந்திரக் கால், ஒடம்ப கையால வரைஞ்சு எந்திரக் கைய கம்ப்யூட்டர்ல செஞ்சாங்க. வசூல்ல படுத்துடுச்சு, அதுக்காக மோசமான படம்னு அர்த்தமில்ல. அப்பா விட்டுட்டுப் போன பையனுக்கு சில்வர் ஒரு துணையா ஆகுறது அவ்ளோ அழகு, நான் தொடக்கப்பள்ளியில பாத்தது, இன்னிக்குப் பாத்தாலும் அழுவேன்.

புக்கிட் பாத்தோக் ஐயா:
அம்மா, உங்க பையன் கேட்ட கேள்விக்குப் பதில் 33ஆவது அத்தியாயத்துல இருக்கு, படத்துல தேடாதீங்க. (தம்பி பக்கத்துல இருந்தா இத அவன் பாக்க வேணாம்.)

புதையல் தேடிப் போறப்ப ஜிம் இடுப்புல கயிறு கட்டி சில்வர் இழுத்துட்டுப் போறான். இடம் நெருங்க நெருங்க திரும்பித் திரும்பி அவனப் பாக்குற பார்வையில கொலைதான் இருக்கு, தங்கம் கெடச்சா நம்ம கழுத்துதான் முதல்லன்னு ஜிம்முக்கே புரியுது. போய்ப் பாத்தா குழி காலி, அந்தத் தீவுல தனியா விடப்பட்டுக் கெடந்த பென் கன் எப்பவோ தோண்டி வேற எடத்துக்கு மாத்திட்டான். மத்தவனுங்க குழியில குதிச்சு விரலால மண்ணத் தோண்டுற அந்த நேரத்துல சில்வர் ஜிம் கையில ரெட்டைக்குழல் துப்பாக்கியத் திணிக்கிறான். ஒரு நிமிஷத்துக்கு முன்னாடி கொல்ல நெனச்சவன்! ஜிம்முக்கு அருவருப்பா இருக்கு, மறுபடியும் கட்சி மாறிட்டியான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுடுறான். அதே ஆளுதான் அதுக்கு முன்னாடி கோட்டைக்குள்ள சொந்தக் கூட்டத்த எதுத்து நின்னு இந்தப் பையன் உசுரக் காப்பாத்துனதும். பாசமும் நெசம், கணக்கும் நெசம், ரெண்டும் ஒரே மனுஷனுக்குள்ள. பத்து வயசுல புரியும்மா, பிள்ளைங்க வீட்லயும் பள்ளிக்கூடத்துலயும் இப்படிப்பட்ட பெரியவங்கள பாத்துக்கிட்டுதான இருக்காங்க.

அதனால புக்க முடிச்சிட்டே படம் போடுங்க. நாவல்ல ஜிம்தான் கதை சொல்றான், அவன் மனசுக்குள்ள ஓடுற பயம் நமக்கு வரி வரியா தெரியும். கேமரா சில்வர் மூஞ்சிய மட்டும்தான் காட்டும், அதுக்கப்புறம் எல்லாம் நடிகர் கையில.

லீவுல ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கும் கூட்டிட்டுப் போங்க. இந்தோனேசியாவோட பெலித்துங் தீவுப் பக்கம் 1998ல கண்டுபிடிச்ச, சீனாவுல தாங் அரசாட்சி நடந்த காலத்துக் கப்பலோட சரக்கு அங்க இருக்கு, அரபுநாட்டுப் பாணியில பலகையக் கயித்தால தச்சுக் கட்டுன கப்பல். மேல வந்தது கிட்டத்தட்ட 60,000 பண்டம், பெரும்பாலும் சீனாவோட சாங்ஷா பக்கத்துல செஞ்ச கிண்ணம்தான். தங்கமும் இருக்கு, ஆனா அந்தக் கிண்ணத்துல ஒண்ணுல 826ஆம் வருஷத் தேதி எழுதியிருக்கு பாருங்க, கப்பலோட காலத்த கணிக்க அது பெருசா உதவிச்சு. இந்தக் கடல்ல புதையல்னா இப்படித்தான் இருந்திருக்குன்னு அவனுக்குத் தெரியட்டும்.

ஈசூன் அம்மா:
ஐயா, மனசு நெறஞ்சு போச்சு, ரொம்ப நன்றி. 33 வர்ற வரைக்கும் படம் இல்லன்னு சொல்லிட்டேன், மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டான், பரவால்ல. முதல்ல 1990, அப்புறம் 1950, முடிவெல்லாம் ஒப்பிட்டுப் பேசலாம். வாசகி சிஸ்டர், கொள்ளைக் கூட்டத்து இஸ்ரேல் ஹாண்ட்ஸ் பாய்மரத்துல ஏறி கத்தி வீசுற காட்சி 1950ல எப்படி, ரொம்ப ரத்தமா?

தோ பாயோ வாசகி:
இன்னிக்குப் படங்களோட பாத்தா ஒண்ணுமே இல்ல, ஆனா பதட்டம் இருக்கும். 1975ல மறுபடி வெளியிடுறப்ப எல்லா வயசுக்குமான சான்றிதழ் வேணும்னு அடிதடியக் கொஞ்சம் வெட்டியும் இருக்காங்க. வாங்குறதுக்கு முன்னாடி முழுப் படம்தானான்னு ஓடுற நேரத்தப் பாத்துக்கோங்க. நானா இருந்தா வெட்டாததத்தான் காட்டுவேன், நாவல்ல அந்த அத்தியாயத்த அவன் கேட்டுட்டுதான வருவான்.