புதுப்பிப்பு: 4294967297-இன் இரண்டாவது காரணி

போன கிழமை இங்கே எழுதியது: 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் வரும் 4294967297 முதன்மை எண் (பகா எண்) என்று ஃபெர்மா நம்பினார், 1732-இல் ஒய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்தார். அந்த 6700417 இன்னும் உடையுமா என்று கேட்டிருந்தேன். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2588; உடையுமானால் ஒரு காரணியாவது அதற்குள் இருக்கும். அதுவரை முந்நூறுக்கு மேற்பட்ட முதன்மை எண்களால் வகுக்க வேணும் என்று மலைத்துப்போய் இருந்தேன்.

வழி கிடைத்துவிட்டது! வெள்ளவத்தையில் என்னிடம் இணைந்த கணிதம் படிக்கிற உயர்தரப் பிள்ளை ஒருத்திதான், லூக்காஸ் 1878-இல் காட்டிய விதியை நினைவுபடுத்தினாள். 4294967297-இன் எந்த முதன்மைக் காரணியும் 128-ஆல் வகுக்க மீதி 1 தர வேணும்; 6700417-இன் காரணிகளும் அதன் காரணிகள்தானே. (641 = 5 × 128 + 1. எனக்கு எப்போதோ பட்டிருக்க வேண்டியது.)

2588-க்குள் அப்படியான முதன்மை எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. மழைக்கு வகுப்பிலேயே நின்று கையால் வகுத்தோம். மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றும் பூச்சியமில்லை.

ஆகவே 6700417 முதன்மை எண்தான். முந்நூறு வகுத்தல் ஐந்தாகச் சுருங்கியதை இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.