கம்ப்ரஸிபிள்: அமுங்குமையா, குறுகுமையா?

அன்பர்களே, திங்கட்கிழமை பாட ஏடு அச்சுக்குப் போகிறது. மெத்தை நுரைமேல் எடை ஏறினால் அது எப்படி உருமாறும் என்று கணினியில் போட்டுப் பார்க்கும் அத்தியாயம். தகைவு (ஸ்ட்ரெஸ்), திரிபு (ஸ்ட்ரெயின்), மீட்சி என்று தமிழ்ச் சொற்கள் எல்லாம் கைவசம் உண்டு. அமுக்கினால் சிறுக்கும் என்ற பொருளில் வரும் 'கம்ப்ரஸிபிள்' மட்டும் இடிக்கிறது. 'அமுங்குமை' சரியா?
– கோவை

> அமுங்குமை

ரப்பரும்தான் அமுங்கும். ஆனால் பக்கவாட்டில் பிதுங்கிவிடும். கனஅளவு ஏறக்குறைய மாறாது. அமுங்கும் அளவுக்குப் பக்கவாட்டில் எவ்வளவு பிதுங்குகிறது என்று சொல்லும் பாய்சான் விகிதம் 0.5-ஐ ஒட்டி நிற்கும். மெத்தை நுரை அவ்வளவாகப் பிதுங்காது, காற்றை விட்டுவிட்டு இருந்த இடத்திலேயே சிறுக்கும். நன்றாக அமுக்கினால் விகிதம் 0 பக்கம் வந்துவிடும். ரப்பருக்கான சமன்பாட்டை நுரைக்குப் போட்டால் விடை தப்பு. சொல்லில் கனஅளவு தெரிய வேண்டும்.
– இயந்திரவியல் ஆசிரியர்

எங்கள் பாடநூல்களில் 'அமுக்கம்' என்றால் உங்கள் 'அழுத்தம்'. பிள்ளைகள் குழம்புவார்கள். ஒலியலையில் காற்று நெருங்குவதை நெருக்கல், விலகுவதை ஐதாக்கல் என்றுதான் படிக்கிறோம். 'நெருங்குதிறன்' போதாதா?
– யாழ்ப்பாணம்

நெருங்க இருவர் வேண்டும். மெத்தை யாரை நெருங்கும்? சொல் இலக்கணத்திலேயே கிடக்கிறது. தனி ஐகாரம் ஒலிக்கும் அளவு 2 மாத்திரை. 'தலைவன்' என்பதில் இடையில் வந்ததும் 1. எழுத்து அதேதான், அளவுதான் குறைகிறது. நுரையும் அப்படியே. 'குறுகுமை' என்க! எடையை எடுத்ததும் பழைய மாத்திரைக்குத் திரும்புவதற்கு இலக்கணத்தில் இடமில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, மெத்தைக்குள் இருப்பது எண்ணற்ற சிற்றறைகள். முதலில் அறைச்சுவர் வளையும், அப்புறம் மடியும். அப்போது எடை கொஞ்சம் கூடினாலே மெத்தை வெகுவாக இறங்கும். கடைசியில் சுவரோடு சுவர் முட்டிக் கெட்டிப்படும். நெருக்கம் என்பது இதுதானே?
– யாழ்ப்பாணம்

கயிறும் குறுகும், ஐயா. அது நீளக் கணக்கு. காலையில் இட்லியை அமுக்கிப் பார்த்தேன்: கனஅளவு குறைந்தது, மீட்சி இல்லை. வீட்டில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது.
– இயந்திரவியல் ஆசிரியர்

மணி 11. முதல் தடவை 'கனஅளவு அமுங்குமை', அப்புறம் வெறும் 'அமுங்குமை' என்று போடுகிறேன். யாழ்ப்பாண வழக்கு அடிக்குறிப்பில் வரும். மன்னிக்கவும்.
– கோவை

அடிக்குறிப்பில் 'குறுகுமை'க்கும் ஒரு வரி கொடுங்கள். பி.கு.: அத்தியாயத் தலைப்பில், கணினியில் போட்டுப் பார்ப்பதற்கு 'உருவகப்படுத்தல்' என்று கண்டேன். உருவகம் அணியல்லவா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்